"வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டினால்

சென்னையில் வேலை பார்க்கும் கே (தன்பால் ஈர்ப்புள்ள) இளைஞர்கள் பலர் நண்பர்களிடம் வெளிப்படையாக இருக்கிறார்கள். ஊரில் பெற்றோருக்கு மட்டும் தெரியாது. பணம் பறிக்கும் கும்பல் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

டேட்டிங் செயலியில் இரண்டு நாள் பேச்சு. பிறகு ரூமுக்கு அழைப்பு. போன சிறிது நேரத்தில் இன்னும் இரண்டு பேர் நுழைவார்கள், ஒருவன் தன்னைப் போலீஸ் என்பான். வீடியோ எடுத்து, போனைப் பிடுங்கி, யுபிஐ பின் கேட்பார்கள். அறைக்குள் எதிர்த்து நிற்க வேண்டாம். உயிரோடு வெளியே வருவதுதான் முக்கியம்.

வெளியே வந்ததும் பலர் பதற்றத்தில் சாட்டை அழித்துவிடுகிறார்கள். அதோடு ஆதாரமும் போய்விடுகிறது. முதலில் அவனுடைய புரொஃபைல், எண், மிரட்டல் செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு பிளாக் செய்யுங்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அங்கிருந்து வேறு கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கில் அதை முடக்க வாய்ப்புண்டு. அடுத்த தவணை மட்டும் கொடுக்காதீர்கள். ஐயாயிரம் கொடுத்தவரிடம் அடுத்த வாரம் இருபதாயிரம் கேட்பான்.

"உன் மேலேயே கேஸ் போடுவேன்" என்பது வெற்று மிரட்டல். வயது வந்த இருவர் விரும்பிச் சேர்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவுக்கு இணையான பிரிவே இல்லை. மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம்: பிரிவு 308, ஏழாண்டு வரை சிறை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மனுவில் உங்கள் பாலீர்ப்பை விளக்க வேண்டியதில்லை, "செயலி வழியாக அறிமுகமானவர்" என்று எழுதினால் போதும். நிலையத்தில் கேலி பேசினால், தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதி 24-சி அதைத் தடை செய்கிறது என்று சொல்லுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் நண்பர் பட்டியலை மறைத்துவையுங்கள். சொந்தக்காரர்களின் பெயரை அவன் எடுப்பது அங்கிருந்துதான். முதல் சந்திப்பு டீக்கடையிலோ மாலிலோ இருக்கட்டும், அதற்கு முன் ஒரு வீடியோ கால். இவற்றையெல்லாம்விட, குடும்பத்தில் நம்பகமான ஒருவருக்கு, அக்காவோ சித்தியோ, நீங்களே முன்கூட்டிச் சொல்லிவைப்பது பெரிய பலம். மிரட்டல் வந்த இரவில் அழைக்க ஓர் ஆள் இருப்பார்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்து, "மாற்றிவிடலாம்" என்று எந்த மருத்துவரிடமாவது அழைத்துப் போனால் மறுத்துவிடுங்கள். அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்திருக்கிறது. மனம் தாங்காத நேரத்தில் பேச, அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.