இரண்டு விநாடியில் கரையும் சொல்

"டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகனுக்கு ஏழு வயது. எல்லாம் புரிகிறது, ஆனால் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறாராம்.

முதலில் கிரகணம். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959இலேயே பாரிஸில் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரும்பாலும் இது கருமுட்டை உருவாகும்போதே, கரு தரிக்கும் முன்பே நேர்ந்துவிடுகிறது. சுமந்து பெற்றவள் மேல் பழியையும் ஏற்றுவது கொடுமை.

இனி பிடிவாதம். "செருப்பைக் கழட்டி வெச்சிட்டு, கை கழுவிட்டு, சாப்பிட வாப்பா" என்கிறோம். பையன் செருப்பைக் கழற்றுகிறான். அதைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். அம்மாவின் குரல் உயர்ந்ததும் தரையில் உட்கார்ந்துவிடுகிறான்.

காதில் விழுந்த சொற்கள் மூளையில் ஓரிரு விநாடிதான் அப்படியே நிற்கும். அதற்குள் மனத்துக்குள் திரும்பச் சொல்லிக்கொள்ளாவிட்டால் கரைந்துவிடும். கடைக்குப் போகும்போது "உப்பு, புளி, கடுகு" என்று முணுமுணுத்துக்கொண்டே போகிறோமே, அது இதற்குத்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இந்த ஒலி நினைவு குறிப்பாகச் சிறியது. எண்களை வரிசையாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னால் பலர் மூன்று நான்கோடு நின்றுவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் மேசையில் பரப்பிய கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, அதே வரிசையில் தொடச் சொன்னால் பெரும்பாலும் இதைவிட நன்றாகச் செய்கிறார்கள். காதுவழி வந்தது நழுவுகிறது, கண்வழி வந்தது தங்குகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான். உங்கள் மகனிடம் செருப்பு வரைக்கும்தான் வாக்கியம் தங்கியிருக்கக்கூடும்.

அதனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரு சொல், கூடவே ஒரு சைகை. சைகை பழகினால் பேச்சு வராது என்று பயப்பட வேண்டாம், அது பேச்சுக்குத் துணைதான்.

காதையும் பாருங்கள். இவர்களுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். பாதி ஒலிதான் உள்ளே போகும். தைராய்டு, குறட்டையால் கெடும் தூக்கம் இரண்டும் பிள்ளையைச் சிடுசிடுப்பாக்கும். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு.

ஒரு ஆதங்கம். இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் நடந்தவை. "வந்தேன்", "வருவான்" என்று காலமும் ஆளும் சொல்லின் வாலில் தொங்கும் தமிழில், வால் நழுவினால் பிள்ளை எதை இழக்கிறது? நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டிய கேள்வி இது.

அம்மா, இன்றைக்கே செருப்பு, குழாய், தட்டு என்று மூன்று படம் வரைந்து கதவருகே ஒட்டுங்கள். அவன் கண் உயரத்துக்கு.