கற்பூரவள்ளி: தடிமனுக்கு எதுவரை கொடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும்

இலங்கை மலையகத்தில் லயத்து வாசலில், உடைந்த வாளியிலோ பழைய பால்மா டின்னிலோ, ஒரு கற்பூரவள்ளி இல்லாத வீடு குறைவு. பிள்ளைக்குத் தடிமன் என்றதும் கை முதலில் அந்தச் செடிக்குத்தான் போகும். அதில் பிழையில்லை. இலையைக் கசக்கினால் ஓம வாசனை வரக் காரணம் அதிலுள்ள கார்வக்ரோல், தைமோல் என்ற பொருட்கள். தொண்டைக் கரகரப்பு தணியும், இருமல் கொஞ்சம் இளகும். ஆனால் நிமோனியாவை இந்த இலை குணமாக்காது. இலையை நம்பி மூன்றாம், நான்காம் நாள் வரை காத்திருப்பதுதான் ஆபத்து.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நடுத்தர இலை இரண்டைக் கழுவி, தோசைக்கல்லில் அரை நிமிடம் வாட்டிப் பிழிந்தால் சாறு வரும். அதில் அரைத் தேக்கரண்டி எடுத்து, அதே அளவு தேனோடு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து, காலையும் மாலையும் கொடுக்கலாம். இரண்டு நாள் போதும். பெரியவர்கள் இரண்டு, மூன்று இலையைக் கிள்ளிப் போட்டு, ஒரு கோப்பை கொதிநீர் ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் கழித்துக் குடித்தால் சரி. திறந்து வைத்துக் கொதிக்க விட்டால் வாசனையோடு பயனும் ஆவியாகிவிடும். மிஞ்சுவது பச்சைத் தண்ணீர்தான். கர்ப்பிணிகள் சம்பலில் சேர்த்துச் சாப்பிடலாம், தினமும் கஷாயமாகக் குடிப்பது வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், இந்தச் சாறும்தான். அழுகிற குழந்தையின் வாயில் சங்கால் ஊற்றும்போது சாறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் அப்படித்தான், அது நுரையீரலில் தங்கிப் புண்ணாக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது; அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் நஞ்சு சுரந்து உடம்பைத் தளர்த்திவிடும். நெஞ்சில் தேய்க்கவென்று கற்பூரத்தை எண்ணெயில் கரைப்பதையும் விடுங்கள். கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரலாம். ஆவி பிடிக்க வைப்பதில் சூட்டுக்காயம்தான் மிச்சம்.

நிமோனியாவா என்று பார்க்க, சட்டையைத் தூக்கிவிட்டு, பிள்ளை அழாமல் இருக்கும்போது, தொலைபேசிக் கடிகாரத்தைப் பார்த்தபடி முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது கணக்கைக் கெடுக்கும். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, உதடு நீலம் பாய்வது, இவற்றில் ஒன்று தெரிந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், எந்தச் சந்தியில் ஆள் நிற்பார் என்பதையும் சொன்னால் வண்டி மலைக்குள் சுற்றி அலையாது. வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், விட்டுப் போகிறவர்கள் அங்கே பார்த்துக்கொள்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்யாமல் இலை தின்றுகொண்டிருக்கக் கூடாது, காசநோயாக இருக்கலாம். இழுப்புக்கு இன்ஹேலர் பாவிப்பவர்கள் அதை நிறுத்தவே கூடாது. இன்னொன்று, சாறு கொடுத்துவிட்டுப் பிள்ளையை விறகடுப்புப் பக்கத்திலேயே உட்கார வைத்தால் இருமல் எப்படி நிற்கும்? புகைபோக்கி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செடி வளர்ப்பது சுலபம், அழுக விடுவது அதைவிடச் சுலபம். நான்கு அங்குலத் தண்டை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் வைத்து நடுங்கள். மண்ணோடு பாதிக்குப் பாதி மணல், டின்னின் அடியில் துளை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையில் விட்டால் தண்டின் அடி பழுப்பாகிக் குழையும். அப்போது மேலே இறுக்கமாக இருக்கும் நுனியை வெட்டி மறுபடி நட வேண்டியதுதான், வேரைக் காப்பாற்ற முடியாது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி இலையைக் கருக்கிவிடும்; கூரைக்குள் எடுத்து வையுங்கள். தேயிலை மலையை ஒட்டி வைத்த செடியில், மருந்து அடித்த நாட்களில் இலை பறிக்காதீர்கள். இலையின் மயிரில் ஒட்டியதைக் கழுவி முழுதாகப் போக்க முடியாது.

கற்பூரவள்ளியை ஆங்கிலத்தில் ‘இந்தியன் போரேஜ்’ என்றும் சொல்வார்கள்; ஆனால் நீல நட்சத்திரம் போலப் பூக்கும் ஐரோப்பிய போரேஜ் வேறு குடும்பத்துச் செடி. அதன் இலையில் ஈரலைக் கெடுக்கக்கூடிய அல்கலாய்டுகள் உண்டு. இணையத்தில் விதை வாங்கி வளர்ப்பவர்கள் அதைக் கற்பூரவள்ளிக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

சம்பலுக்குப் பத்து இலை, அரைமூடித் தேங்காய்ப்பூ, நாலு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய். இலையை வாட்டி ஈரம் போன பிறகு அம்மியில் கரகரப்பாக அரைத்து, உப்பும் தேசிக்காயும் கடைசியில் சேருங்கள். மையாக அரைத்தால் காரநெடி தூக்கும். மதியத்துக்கு என்று எடுத்து வைத்தால் கறுத்துக் கசக்கும், காலை ரொட்டியோடேயே முடித்துவிடுங்கள்.