ரஃபுளர் ஃபுட்: துணியை வெட்டுமுன் ஒரு துண்டு ஓட்டிப் பாருங்கள்

ஓணம் நெருங்கினால் செங்கோட்டை, புளியரைப் பக்கம் தையல்காரர்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் குழந்தைகளுக்கு ஜரிகைக் கரை போட்ட கசவுப் பாவாடை தைக்கக் கொண்டுவருவார்கள். இந்த அவசரத்தில்தான் தொழிலுக்குப் புதிதாக வந்த பெண்கள் ரஃபுளர் ஃபுட் வாங்கி மாட்டுகிறார்கள். தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே சாதாரண ஃபுட்டுக்குப் பதிலாக மாட்டினால், தைக்கும்போதே துணியைச் சுருக்கி மடிப்பு வைக்கும் அருமையான கருவிதான். மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்துகிற வேலை மிச்சம். ஆனால் மாட்டிய கையோடு நல்ல துணியிலேயே ஓட்டிவிடுகிறார்கள். "யக்கா, இடுப்புக்குத் துணி பத்தலக்கா" என்று பாதிப் பாவாடையோடு வந்து நின்றால், வெட்டிய துணியை யார் நீட்ட முடியும்?

அதன் முகப்பில் 1, 6, 12 என்று எண்கள் இருக்கும். 1-ல் வைத்தால் தையலுக்குத் தையல் சுருங்கி ஃபிரில் மாதிரி வரும். 6-ல் ஆறு தையலுக்கு ஒரு மடிப்பு, 12-ல் பன்னிரண்டுக்கு ஒன்று. நட்சத்திரக் குறியில் மடிப்பே விழாது. பலர் கவனிக்காத விஷயம், தையலின் நீளம். 2.5 மில்லிமீட்டர் தையல் என்றால் 6-ல் மடிப்புக்கு மடிப்பு 15 மில்லிமீட்டர், 12-ல் 30. தையல் நீளத்தை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறிவிடும். மடிப்பின் ஆழத்துக்குத் தனி ஸ்க்ரூ உண்டு.

அதனால் அதே துணியில், அதே தையல் நீளத்தில், 20 அங்குலத் துண்டு ஒன்றை முதலில் ஓட்டுங்கள். அது 10 அங்குலமாகச் சுருங்கினால் இரண்டு மடங்கு துணி வேண்டும் என்று பொருள். 24 அங்குல இடுப்புக்கு 48 அங்குலம், தையலுக்கு விடும் துணி தனி. ஒன்றையொன்று தொட்டபடி நெருக்கமாக விழும் மடிப்புக்கு மூன்று மடங்கு, அதாவது 72 அங்குலம் பிடிக்கும். அந்தத் துண்டின் மேலேயே அளவுகளைப் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆர்டருக்கு உதவும்.

இதைவிட எனக்குப் பயம் ஊசியைப் பற்றித்தான். ஃபுட்டின் கவை போன்ற கை, ஊசியை இறுக்கும் ஸ்க்ரூவின் மேல் சரியாக உட்கார வேண்டும். ஊசி நடுவில் இருக்க வேண்டும், நேர்த் தையல் மட்டும்தான். ஜிக்ஜாக்கில் வைத்தால் ஊசி இரும்பில் மோதி உடையும். தெறிக்கும் துண்டு கண்ணுக்கு வரலாம். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தட்டினால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள், குழந்தைகளை அருகில் உட்கார வைக்காதீர்கள். கண்ணில் ஏதாவது பட்டுவிட்டால் தேய்க்காமல், நேரே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சிலர் வீட்டு முள்கரண்டியால் துணியைச் சுற்றி மடிப்பு வைக்கிறார்கள். சின்ன ஃபிரிலுக்கு அதுவும் நன்றாகவே வரும். ஊசி நெருங்குமுன் கரண்டியை உருவிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கசவுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ரஃபுளரின் உள்தகட்டில் சின்னச் சின்னப் பற்கள் உண்டு. துணியைத் தள்ளுவதே அவைதான். அந்தப் பற்கள் ஜரிகையில் பட்டால் இழை கிளம்பிவிடும். பாவாடையின் இடுப்புப் பக்கம் வெறும் பருத்தி என்பதால் தாராளமாக ஓட்டலாம். கழுத்திலோ கையிலோ ஜரிகை ஓரத்தை மடிக்க வேண்டுமென்றால் கையால் மடித்து, நூலோட்டி, சாதாரண ஃபுட்டில் தையுங்கள். ஃபுட்டுக்கு எண்ணெய் விட்டிருந்தால் பழைய துணியில் கொஞ்சம் ஓட்டித் துடைத்த பிறகே வெள்ளைத் துணியைத் தொடுங்கள்.