குடித்த தண்ணீர் எங்கே போச்சு?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி வலுதூக்கும் போட்டிகளில் 66 கிலோ பிரிவில் இறங்குகிறவர். எடை கொஞ்சம் கூடிவிட்டது என்று போட்டிக்கு முந்தைய நாள் மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்து, ஒன்றரைக் கிலோ குறைத்திருக்கிறார். "காலையில் எடை பார்த்து முடிந்ததும் இரண்டு லிட்டர் கேன் தண்ணீரை மடமடவென்று குடித்தான். அப்புறம் நாலு தடவை பாத்ரூம் போய்விட்டு வந்தான். டெட்லிஃப்ட் வரும்போது நாக்கு வறண்டு, கால் தளர்ந்துவிட்டது. குடித்த தண்ணீரெல்லாம் எங்கே போச்சு? போட்டி அன்று அவனுக்கு என்னதான் கொடுப்பது?"

முதல் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதற்கு விடை தெரிந்தால் இரண்டாவதுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எடை மாட்டிய பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் சில விநாடி வேலை. அந்த நேரத்துக்கான சக்தி தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஏடிபி என்ற சக்தி மூலக்கூறிலிருந்தும், அது தீரத் தீர நிரப்பிக்கொடுக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்தும் வருகிறது. இந்தக் கையிருப்பு சுமார் பத்து விநாடி தாங்கும். நாலைந்து நிமிடம் உட்கார்ந்தால் பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆகவே காலையில் தின்ற இட்லி நேராகப் பாரைத் தூக்குவதில்லை. ஆனால் போட்டி ஒரு தூக்கோடு முடிவதும் இல்லை. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றிலும் மும்மூன்று வாய்ப்பு, ஆக ஒன்பது தூக்கு. அதற்கு முன்னால் வார்ம்-அப் தனி. எட்டு மணிக்கு எடை பார்த்தவருக்குக் கடைசி டெட்லிஃப்ட் வரும்போது மதியம் தாண்டிவிடும். அவ்வளவு நேரமும், அதுவும் மதுரை வெயிலில், வேர்த்துக்கொண்டே இருப்பவரின் ரத்தத்தில் தண்ணீரும் சர்க்கரையும் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைய சாப்பாட்டின் வேலை.

சரி, தண்ணீருக்கு வருவோம். வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. அந்த நிலையில் வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற சின்னப் பகுதி ரத்தத்தின் உப்புச் செறிவை ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறது. செறிவு குறைந்ததும், 'தண்ணீரை விடாதே' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் வாசோபிரசின் ஹார்மோனை அது நிறுத்திவிடுகிறது. தாகமும் அடங்கிவிடும். உடம்பில் இன்னும் ஒரு லிட்டர் பற்றாக்குறை இருந்தாலும் சிறுநீரகம் கதவைத் திறந்துவிடுகிறது. தம்பி நாலு தடவை போனதற்குக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் தண்ணீரை உள்ளே கொண்டுபோவது எது? எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்திருப்பீர்கள். அவற்றின் மேல்பரப்பிலுள்ள செல்கள் ஒவ்வொன்றிலும் ஒருவகைப் புரத வாகனம் வரிசையாக நிற்கிறது. அதன் பெயர் எஸ்ஜிஎல்டி-1. பெரியார் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆள் நிரம்பாமல் நகராத ஷேர் ஆட்டோ மாதிரிதான் இதுவும். இதில் மூன்று இருக்கை. இரண்டில் சோடியம், ஒன்றில் குளுக்கோஸ். மூன்றும் நிரம்பினால்தான் ஒழுங்காகப் புரண்டு, உள்பக்கம் வாய் திறந்து, ஏறியவர்களை இறக்கிவிடும். சர்க்கரை மட்டும் இருந்தால் வண்டி நகராது. உப்பு மட்டும் இருந்தாலும் குளுக்கோஸின் இருக்கை காலி.

இந்த ஆட்டோவில் எஞ்சின் கிடையாது. எஞ்சின் செல்லின் பின்பக்கத்தில், ரத்தத்தை ஒட்டிய சுவரில் இருக்கிறது. அங்கே ஒரு பம்பு, ஒரு ஏடிபியைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இதை 1957-ல் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கூவுக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிணற்று மோட்டார் இறைத்துக்கொண்டே இருப்பதால் கிணற்றில் மட்டம் தாழ்ந்தே இருப்பதுபோல, செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நோக்கிக் குடலிலிருந்து சோடியம் பாய்கிறது. பாயும்போது குளுக்கோஸையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

தண்ணீர் எங்கே என்கிறீர்களா? சோடியம் போகும் இடத்துக்கு மின்சமன் காக்க அதே அளவு குளோரைடு போன்ற எதிர்மின் அயனிகளும் போகும். ஆக ஆட்டோ ஒரு நடை போய் வந்தால் ஐந்து துகள்கள் அந்தப் பக்கம் சேர்கின்றன. ரத்தத்தின் செறிவில் ஒரு கரைதுகளுக்குச் சுமார் 190 நீர் மூலக்கூறுகள் என்பது கணக்கு. ஐந்துக்குப் பெருக்கினால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சவ்வூடு பரவலில் அத்தனையும் பின்னாலேயே போகும். ஒரு நடை, ஆயிரம் மூலக்கூறு! கோடிக்கணக்கான செல்களில் கணக்கற்ற ஆட்டோக்கள் இப்படி ஓடுகின்றன. உள்ளே வந்த தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே வருவதால் ரத்தம் நீர்ப்பதில்லை, ஹைபோதலாமஸ் பதறுவதில்லை, சிறுநீரகமும் கதவைத் திறப்பதில்லை.

சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே பயணிக்கின்றன என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரத்துக் கூட்டமொன்றில் சொன்னார். அவர் ஆராய்ந்தது வெள்ளெலியின் குடலை. 'வெள்ளெலிக் குடலுக்கா இவ்வளவு செலவு?' என்று அன்று யாராவது பணத்தை நிறுத்தியிருக்கலாம். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் சொன்னார். 30 சதவிகிதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023-ல், அவர் மறைந்த பிறகு. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. எந்த எலியின் குடலில் எந்தக் குழந்தையின் உயிர் இருக்கிறது என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

இப்போது தம்பியின் பைக்குள் என்ன வைப்பது என்று பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய டீஸ்பூனில் ஆறு சர்க்கரை, அரை உப்பு. எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். நாம் போடும் சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ், மீதி ஃப்ரக்டோஸ். அந்தப் பாதியே ஆட்டோவுக்குப் போதும். எடை பார்த்ததிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடித்தால், இரண்டு மணி நேரத்தில் இழந்த ஒன்றரை லிட்டர் திரும்பிவிடும். இனிப்பு கூடட்டும் என்று சர்க்கரையை அள்ளிப் போடக்கூடாது. குடலுக்குள் செறிவு ஏறினால் தண்ணீர் எதிர்த்திசையில், ரத்தத்திலிருந்து குடலுக்கு வரும். வயிறு கலக்கும். கலர் பாட்டில்களால் வரும் தொல்லையும் இதுதான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பந்தலில் தரும் பானகம் நல்லதுதான், வெல்லத்தைக் குறைத்து ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொண்டால். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் வேர்வைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு இல்லை. அதிலும் ஒரு சிட்டிகை உப்பு வேண்டும்.

'உப்பு போட்டால் உடம்பு ஊதிவிடும்' என்று ஜிம்மில் சொல்வார்கள். எடை பார்த்து முடிந்த பிறகு அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எடை குறைக்க நீர் பிரியும் மாத்திரை போடுவதை மட்டும் கனவிலும் நினைக்க வேண்டாம். ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் அது இருக்கிறது. அதைவிட முக்கியம், அதனால் பொட்டாசியம் சரிந்தால் இதயத்தின் துடிப்பே தடுமாறும்.

தட்டில் நாலு இட்லி, கொஞ்சம் சாம்பார். மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து ஆட்டோவுக்கே ஆள் சேர்க்கும். பூரி, வடை, பரோட்டா சால்னா எல்லாம் எண்ணெயோடு வயிற்றிலேயே மணிக்கணக்கில் தங்கிவிடும். அவற்றைச் சாயங்காலம் பதக்கத்தோடு சாப்பிடலாம், ஜிகர்தண்டாவும்தான். பச்சை முட்டை வேண்டாம். அதன் புரதத்தில் பாதியளவுதான் செரித்து உடம்பில் சேர்கிறது. வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு. இடைவேளைகளில் வாழைப்பழம், பேரீச்சை போதும். காபி பிடிக்குமென்றால் ஸ்குவாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர், டெட்லிஃப்டுக்கு முன்னால் இன்னொன்று. காலையில் குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரத்தில் கரைந்துவிடும்.

வீட்டில் பழைய சோற்றுப் பானை இருந்தால் இதில் எதுவும் வாங்கவே வேண்டாம். உப்புப் போட்ட நீராகாரத்தில் சோடியமும் இருக்கிறது, மெதுவாகக் குளுக்கோஸாக உடையும் கஞ்சியும் இருக்கிறது. காலராவுக்கு அரிசிக் கஞ்சியிலேயே உப்பு கலந்து கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். நம் பாட்டிகளுக்கு சோடியம் ஆட்டோ தெரிந்திருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வயலில் மயங்கி உட்கார்ந்தவர் ஒரு செம்பு குடித்து எழுந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். எப்படி எழுந்தார் என்பது பின்னால் ஆய்வகத்தில் தெரிந்தது. இரண்டுமே பெரிய விஷயம்.

அக்காவுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பயிற்சி முடிந்து வந்ததும் ஒரு லிட்டர் வெறும் தண்ணீரை அரை மணி நேரத்தில் குடிக்கச் சொல்லுங்கள். அடுத்த மூன்று மணி நேரத்துச் சிறுநீரை அளவு போட்ட ஜாடியில் பிடித்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு, அதே பயிற்சி, அதே ஒரு லிட்டர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.