டிக்கெட் போடும் முன் அந்த மடிப்புத் தாளைப் பிரித்துப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். ஜெர்மனியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குடியேற்றக் கோப்புகளைப் பார்ப்பதுதான் என் வேலை. கணவர் வேலை மாறுவது பற்றிக் கேட்கத்தான் வந்தார்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது அந்தப் பெண், "ஏழாவது மாசம் குலதெய்வம் கோயில்ல பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தணும்க்கா, மதுரைக்கு டிக்கெட் போட்டாச்சு" என்றார். குழந்தை இங்கேயே பிறந்தது, அப்போது ஐந்து மாதம். பாப்பாவின் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, வந்துவிட்டதா என்று கேட்டேன். "கார்டு இன்னும் வரலை, ஆனா பேப்பர் குடுத்திருக்காங்க" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

அந்தப் பேப்பருக்கு இங்கே ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தில் நீங்கள் இங்கே சட்டப்படி இருக்கிறீர்கள் என்பதற்கான அத்தாட்சி அது. பலர் அதைக் கார்டின் தற்காலிக வடிவம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். தாளைப் பிரித்தால் உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும், ஏதாவது ஒன்றில் குறி போட்டிருப்பார்கள், எதில் குறி இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தத் தாளின் பலமே மாறிவிடும்.

குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு என்ற கட்டத்தில் குறி இருந்தால் உங்கள் பழைய பெர்மிட் அல்லது வேலை, படிப்புக்காக வாங்கி வந்த நீண்டகால விசா இன்னும் உயிரோடு இருப்பதாகவே சட்டம் கருதுகிறது. வேலைக்குப் போகலாம், பாஸ்போர்ட்டையும் பழைய கார்டையும் இந்தத் தாளையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பியும் வரலாம். அதே பிரிவின் 3ஆம் உட்பிரிவில் குறி இருந்தால் கதை வேறு. நாட்டுக்குள் இருக்கும்வரை சிக்கல் இல்லை, ஆனால் வெளியே போய்விட்டால் அந்தத் தாளைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது.

பாப்பாவின் தாளில் 3ஆம் உட்பிரிவில்தான் குறி இருந்தது. பிறந்த குழந்தைக்கு முன்பு எந்த பெர்மிட்டும் கிடையாது, தொடர்வதற்கு ஒன்றும் இல்லையே. போயிருந்தால் அப்பா அம்மா இரண்டு பேரும் திரும்பலாம், குழந்தைக்கு மட்டும் சென்னையில் ஜெர்மன் விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். நான் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. கவுன்டரில் தாளைக் கொடுத்தவர் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

இங்கே குழந்தை பிறந்தால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் வாங்கவே நாள் ஓடிவிடும், அதனால் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். (பெற்றோரில் ஒருவர் ஐந்து வருடம் சட்டப்படி வாழ்ந்து நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் வைத்திருந்தால் குழந்தை பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன்தான், 2024 ஜூன் 26 வரை அது எட்டு வருடமாக இருந்தது.)

பெரியவர்கள் விஷயத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு தேதியில்தான் நடக்கிறது. கார்டு காலாவதியாகும் முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அந்த 4ஆம் உட்பிரிவின் பாதுகாப்பு தானாகக் கிடைக்கும், ஒரு நாள் தாண்டினாலும் அப்புறம் அதிகாரியின் தயவுதான். அப்பாயின்ட்மென்ட் கேட்டு மெயில் போட்டதையே விண்ணப்பமாக ஏற்கும் அலுவலகங்களும் உண்டு, ஏற்காதவையும் உண்டு, அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 'என் பெர்மிட்டை நீட்டிக்க விண்ணப்பிக்கிறேன்' என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட், கார்டு நகல்களோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆன்லைனில் போட்டால் உறுதிப்படுத்தும் மெயிலை அன்றே பிரின்ட் எடுத்துவிடுங்கள். சட்டப்படி உரிமை விண்ணப்பித்ததிலேயே வந்துவிடுகிறது, தாள் அதற்குச் சாட்சி மட்டும்தான், ஆனாலும் கம்பெனி எச்ஆருக்கும் விமான நிலையத்தில் இருப்பவருக்கும் கையில் காட்ட அந்தத் தாள் வேண்டும், கேட்டு வாங்குங்கள், கட்டணம் 13 யூரோ.

இன்னொன்று பாஸ்போர்ட். அதன் காலாவதித் தேதியைத் தாண்டிக் கார்டு கொடுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் எட்டு மாதம்தான் மிச்சம் என்றால் கார்டும் எட்டு மாதத்துக்குத்தான் வரும், புதிய பாஸ்போர்ட் வந்ததும் 67 யூரோ கட்டி மறுபடியும் கார்டு எடுக்க வேண்டும். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள், எல்லாக் கார்டும் பெர்லினில் உள்ள அரசு அச்சகத்தில் அச்சாகித்தான் வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் காத்திருப்புதான்.

அந்தத் தம்பதி டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார்கள், பணமும் கொஞ்சம் போனது. கார்டை விரைவாகக் கேட்டு நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம், ஏழு வாரத்தில் வந்தது. பாப்பாவுக்குப் பதினோராவது மாதம் காது குத்தி, மொட்டைத் தலையோடு எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள்.