அனீலிங்: பதனாற்றுதல்

கரிமச் (கார்பன் சேர்மங்களாலான) சூரிய மின்கலம் செய்பவர்கள் அன்றாடம் புழங்கும் சொல் ‘அனீலிங்’. தீ மூட்டுதலைக் குறித்த பழைய ஆங்கில வினை ஒன்று இதற்கு மூலம். பிறகு கண்ணாடியையும் உலோகத்தையும் சூடேற்றி மெல்ல ஆறவிடும் வேலைக்கு அதுவே பெயராயிற்று.

மின்கலத்தில் இது எதற்கு? ஒளியை உறிஞ்சும் பி3ஹெச்டி பாலிமரையும், எலக்ட்ரானை ஏற்கும் கார்பன் மூலக்கூறான பிசிபிஎம் ஃபுல்லரீனையும் குளோரோபென்சீனில் கரைத்துச் சுழற்றிப் பூசும்போது கரைப்பான் சட்டென ஆவியாகிவிடும். பாலிமர்ச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட நேரமே இருக்காது, கலைந்தபடியே உறையும். அலுமினிய மின்முனை படியவைத்த பின், நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள் 150 டிகிரி செல்சியஸ் சூட்டுத்தட்டில் வைத்துப் பாருங்கள். மின்முனை படாத ஓரத்தில் செம்பழுப்பு மறைந்து ஊதா ஏறும். சங்கிலிகள் ஏறத்தாழ 0.38 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். உறிஞ்சல் நிறமாலையிலும் 600 நானோமீட்டர் அருகே ஒரு தோள், அதாவது முகட்டின் பக்கத்தில் சிறு மேடு, எழும். துளைகள், அதாவது எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் இடங்கள், தடையின்றி ஓடும். கலத்தின் தரத்தைக் காட்டும் அளவான நிரப்புக் காரணி உயரும். இப்படி 30 நிமிடம் சூடேற்றிய கலங்களில் ஒளியை மின்சாரமாக மாற்றும் திறன் ஏறக்குறைய 5 விழுக்காட்டைத் தொட்டதாக 2005இல் நோபல் பரிசு பெற்ற ஆலன் ஹீகரின் ஆய்வுக்குழு வெளியிட்டது.

ஆனால் ஒழுங்கு கூடக்கூட நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஒளி பட்டு உருவாகும் எக்சைட்டான், அதாவது பிணைந்த எலக்ட்ரான்-துளை இணை, சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும். அதற்குள் இரு பொருள்களும் சந்திக்கும் எல்லை வராவிட்டால் அழிந்துவிடும். சூடு மிஞ்சினால் பிசிபிஎம் மைக்ரோமீட்டர் அளவுப் படிகங்களாகத் திரளும். சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். மின்னோட்டம் விழுந்துவிடும். பிடிபி7 போன்ற பாலிமர்களுக்கோ சூடேற்றுவதே பெரும்பாலும் கேடு. கரைசலில் மெல்ல ஆவியாகும் டைஅயோடோஆக்டேன் என்ற திரவத்தை 3 விழுக்காடு சேர்ப்பதுதான் அங்கே வழி.

தமிழில் ‘காய்ச்சி ஆற்றுதல்’ உலோகத்துக்குப் பொருந்தும். இங்கே பொருந்தாது. ஈரப் படலத்தை மூடிய தட்டில் மெல்ல உலரவிடுவதும் அனீலிங்தான்; அதில் காய்ச்சலே இல்லை. ‘பதனாற்றுதல்’ இரண்டுக்கும் இடம் தருகிறது. பதன் என்பது பதம்: குறைந்தாலும் மிஞ்சினாலும் கெடும் நிலை. பாலை ஆற்றுவதுபோல் மெல்லத் தணியவிடுவதை ‘ஆற்று’ சொல்லிவிடுகிறது. வெப்பப் பதனாற்றுதல், கரைப்பான் பதனாற்றுதல், பதனாற்றாத படலம் என்று சொல் இயல்பாக விரியும். ‘பதனாற்றல்’ என்று மட்டும் சுருக்க வேண்டாம். மின்கலம் பற்றிய எழுத்தில் ‘ஆற்றல்’ என்றாலே வாசகர் எனர்ஜி என்றுதான் படிப்பார்.