பெரினேட்டல்: தமிழில் பேற்றணிமை

மகப்பேறு மருத்துவமனை அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் பெரினேட்டல். ‘பெரி’ என்பது கிரேக்க முன்னொட்டு. சுற்றி, அருகில் என்று பொருள். பள்ளிக் கணக்கில் வரும் பெரிமீட்டரிலும் அதுதான் இருக்கிறது. ‘நேட்டல்’ லத்தீன், பிறப்பைச் சார்ந்தது. இரண்டு மொழியை ஒட்டுப்போட்ட சொல். மருத்துவத்தில் இதெல்லாம் சகஜம்.

சரி, பிறப்புக்கு எவ்வளவு அருகில்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பின்படி, கருவுக்கு 22 வாரம் நிறைந்ததிலிருந்து குழந்தை பிறந்து 7 நாள் முடியும் வரை. நாடுகளை ஒப்பிடும்போது 28 வாரத்திலிருந்து கணக்கெடுப்பதும் உண்டு. இதில் பிறப்புக்கு முந்தைய பகுதி மகப்பேறு மருத்துவரின் பொறுப்பு, பிந்தைய பகுதி குழந்தை மருத்துவரின் பொறுப்பு. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் கொண்டுவரவேண்டிய தேவை எங்கே வந்தது என்பதை ஓர் ஊசியின் கதை காட்டும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட ஒரு குட்டி, பிழைக்கவே முடியாத அளவுக்கு முன்கூட்டிப் பிறந்தும் மூச்சுவிட்டது. நுரையீரல் முதிர்ந்திருக்க வேண்டும் என்று ஊகித்த அவர், குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியைச் சேர்த்துக்கொண்டு, குறைமாதத்தில் வலி கண்ட தாய்மார்களுக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுப் பார்த்தார். 282 தாய்மார்கள் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 1972இல் வெளிவந்தது. எதிர்பாராமல் வலி கண்டவர்களின் குழந்தைகளில், பிறந்த சில நாட்களுக்குள் இறந்தவர்கள் பீட்டாமெத்தசோன் பெறாத பிரிவில் 15 சதவீதம். பெற்ற பிரிவில் 3.2. ஊசி தாய்க்கு, பலன் பிள்ளைக்கு. தாயின் கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்தாலும் சரி, குழந்தையின் ஷீட்டை மட்டும் பார்த்தாலும் சரி, பாதிக் கதைதான் தெரியும்.

இவ்வளவு தெளிவான முடிவு வந்தும் பெரும்பாலான மருத்துவர்கள் அசையவில்லை. அடுத்தடுத்து வந்த சோதனைகள் சிறியவை. தனித்தனியாகப் பார்த்தால் பலவற்றில் பலன் உறுதியாகத் தெரியவில்லை. இங்கேதான் இயன் சால்மர்ஸ் வருகிறார். 1978இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய தேசியப் பெரினேட்டல் நோய்ப்பரவலியல் பிரிவின் முதல் இயக்குநர். இளம் டாக்டராக காசா அகதி முகாம்களில் வேலை பார்த்தபோது, தட்டம்மைக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று கல்லூரியில் படித்ததை அப்படியே பின்பற்றியவர். அது தவறு என்று பின்னாளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். போதாக்குறைக்கு, ஆர்ச்சி காக்ரன் என்ற மூத்த மருத்துவர் 1979இல், ஆதாரம் பார்க்காமல் வைத்தியம் செய்வதில் மகப்பேறு மருத்துவத்துக்கே ‘மரக்கரண்டி’ என்று எழுதிவிட்டார். போட்டியில் கடைசியாக வருபவருக்குக் கேலியாகக் கொடுக்கும் பரிசு அது.

சால்மர்ஸ் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. கர்ப்பம், பிரசவம் குறித்து நடந்த சோதனைகளைத் தேடிப்பிடித்து ஒன்றுசேர்த்தார். 1989இல் இரண்டு பெரும் தொகுதிகளாக அது வெளிவந்தது. ஸ்டீராய்டு சோதனைகளைத் தொகுத்தவர் பாட்ரீஷியா குரோலி. சேர்த்துப் பார்த்ததும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1994இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு அந்த ஊசியைப் பரிந்துரைத்தது. லிக்கின்ஸ் எழுதி 22 வருடம் கழித்து! மருத்துவச் சோதனைகளின் முடிவுகளை இப்படித் தொகுப்பதற்கென்றே, ஆர்ச்சி காக்ரனின் பெயரில் சால்மர்ஸ் 1993இல் தொடங்கிய காக்ரன் அமைப்பின் லோகோவைப் பார்த்தால், நடுவில் சில கிடைக்கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டீராய்டு சோதனை. அடியில் உள்ள வைரக்கட்டம் அவற்றின் மொத்த முடிவு. ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கையில் அளப்பது இப்போது வழக்கம். எனக்கென்னவோ இந்த லோகோதான் நம்பகமான அளவுகோலாகத் தெரிகிறது. நம்மூர் லேபர் வார்டில் ‘குழந்தைக்கு நுரையீரல் வளர ஊசி போட்டிருக்கிறோம்’ என்று சொல்வது இதே வகை ஊசியைத்தான். இங்கே பெரும்பாலும் டெக்சாமெத்தசோன்.

இனி தமிழ்ச்சொல். ‘பேறுகாலம்’ என்று எழுதுவது எளிது, ஆனால் அந்தச் சொல் தாயின் பக்கம் சாய்ந்தது. பேறுகால மரணம் என்றால் தாய் இறந்ததாகவே எவரும் எடுத்துக்கொள்வார்கள். ‘பிரசவகால’ என்றாலும் அதே சிக்கல்.

தொல்காப்பிய உரியியலில் ஒரு நூற்பா: ‘புனிறென் கிளவி ஈன்றணிமைப் பொருட்டே’. ஈன்றணிமை என்றால் ஈன்று அதிக நாள் ஆகாத நிலை. புதிதாகக் கன்று ஈன்ற பசு புனிற்றா. புனிறு பின்பகுதியை மட்டும் குறிப்பதால் நமக்குப் பற்றாது. ஆனால் ‘அணிமை’ கைகொடுக்கிறது. இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தும், முன்னும் பின்னும் செல்லும். ‘பெரி’ செய்யும் வேலையும் அதுவே. பெறு என்பதன் முதனிலை திரிந்த பேறு, அணிமையோடு சேர்ந்தால் பேற்றணிமை. கலைச்சொல்லாக இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. செய்தியிலும் பேச்சிலும் ‘பிறப்பையொட்டிய’ போதும்.

பெரினேட்டல் மார்ட்டாலிட்டியை மட்டும் ‘சிசு மரணம்’ என்று எழுதிவிடக் கூடாது. சிசு மரண விகிதம் என்பது உயிரோடு பிறந்து ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகளின் கணக்கு. வயிற்றிலேயே இறந்து பிறந்தவை அதில் வராது. பேற்றணிமை இறப்பில் அவையும் உண்டு, முதல் வாரத்தில் இறந்தவையும் உண்டு.